மூத்தாப்பாவுக்கு மூன்று கல்

என் தம்பி முத்தலிப் சீகிரியாவில் கமராவோடு நின்று பிழைத்தவன். வீடு மாத்தளையில். விடியற்காலை முதல் பஸ்ஸில் போவான், பொழுதுபட வருவான். வெள்ளைக்காரர்கள் இறங்குகிற இடத்தில் நிற்பான். குன்று பின்னால் தெரிகிற மாதிரி அவர்களை நிறுத்தி, "ஸ்மைல் ப்ளீஸ்" என்று சொல்லி, ஒரு படம் எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு, படத்தைக் கழுவித் தபாலில் அனுப்பிவைப்பான். காசை வாங்கிக்கொண்டு அனுப்பாமல் விட்டவர்கள் அங்கே நிறையப் பேர். இவன் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. அவன் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இப்போது சில வருஷமாகிறது. அவனைப் பற்றி நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் "நல்ல மனுசன்" என்பார்கள். அதனால் நானும் சிரிக்கிற கதையையே சொல்கிறேன்.

எண்பத்து மூன்றில் நாடு எரிந்ததல்லவா, அதோடு வெள்ளைக்காரர் வரவு நின்றுவிட்டது. குன்று நின்றது, கீழே என் தம்பி நின்றான், சிரிக்கத்தான் ஆளில்லை. அப்படியும் அவன் போவதை நிறுத்தவில்லை. பிலிம் போடாத கமராவைக் கண்ணில் வைத்துக் குரங்குகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தானாம். அங்கே ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வந்து என்னிடம் சொன்னார். அக்கா நான் கேட்டபோது, "கை மறந்து போகப்படாதே ராத்தா" என்றான்.

அவனிடம் ஒரு குறை இருந்தது. எங்கள் வாப்பாவிடமும் இருந்தது, என்னிடமும் இருக்கிறது. வாய்தான் முதலில் போகும். போன வாயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரக் கால் ஓட வேண்டியிருக்கும்.

அவன் மனைவி மஸூதா சின்ன வயதிலேயே போய்விட்டாள். ஒரே மகள் ஸரீனா. நான் பெற்றதெல்லாம் ஆண் பிள்ளைகள், ஆகவே அவளை என் மகளாகவே வளர்த்தேன். என்னை மாமி என்பாள், ஆனால் பிடிவாதத்தில் என் வயிற்றுப் பிள்ளைதான். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாமென்று சொன்னாள். ஒருவருக்கு நடை சரியில்லை, ஒருவருக்குச் சிரிப்புச் சரியில்லை. கடைசியில் உக்குவளை நுஹ்மான் ஹாஜியாரின் மகன் சாலிஹுக்குக் கேட்டு ஆள் வந்தது. சாலிஹ் மாத்தளைக் கடைத்தெருவில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவன். அந்தப் பெயரைச் சொன்னதும் ஸரீனா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய், கழுவி வைத்த பீங்கான்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு அது போதும். இந்தக் கலியாணம் நடந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே நெஞ்சில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஹாஜியாரும் அவர் மனைவி கைறுன்னிஸாவும் பெண் பார்க்க வந்தார்கள். ஹாஜியார் வட்டிலப்பத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"எல்லாம் சரி முத்தலிப். பிள்ள நல்ல பிள்ள. ஒண்டே ஒண்டு கேக்கணும், குறை நெனைக்கப்படாது."

"கேளுங்க ஹாஜியார்."

"ஓங்கட ஆக்கள் எந்தக் கப்பல்ல வந்தாங்க?"

அந்தக் காலத்தில் கப்பல் என்பது சும்மா வாயில் வருகிற சொல் இல்லை. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த சனத்தை, நீ இந்தியாக்காரன் என்று சொல்லிக் கடைசியாகக் கப்பலேற்றி அனுப்பி முடித்த நேரம் அது. அழுகிற ரயில்களைப் பார்த்து வந்த கண் எங்களுக்கு. முஸ்லிம்களுக்குள்ளும், இவர் கண்டி ராசா காலத்து ஆள், அவர் இந்தியக் கரையிலிருந்து வந்த சம்மாங்காரர் என்று தரம் பிரித்துப் பேசுவது இருந்தது. ஹாஜியாரின் முன்னோர் பொதிமாட்டில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்கு மலை தவளம் போனவர்களாம். அந்த மாட்டை விட்டு அவர் இன்னும் இறங்கவில்லை.

முத்தலிபுக்கு முகம் சிவந்துவிட்டது. பாட்டனாரை நாங்கள் மூத்தாப்பா என்போம், அவரையே இழுத்துவிட்டான்.

"கப்பலா? எங்கட மூத்தாப்பாட வாப்பாவும் தவளம் ஓட்டினவர்தான் ஹாஜியார். இரத்தோட்டைக்கு மேல, லக்கலைக்குப் போற மலையில மௌத்தாகி அங்கயே அடக்கினது. தவளத்து மூத்தாப்பா எண்டுதான் எங்கட வீட்டுல செல்ற."

"அப்ப கபுறு ஈக்குமே."

"ஈக்கிது."

"கண்டீக்கிறீங்களா?"

"கண்டதா? படமே எடுத்து வெச்சீக்கிறேன்!"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் அந்தப் பக்கம் போனதே கிடையாது. வாப்பா சொல்லக் கேட்டதுதான்: ஓர் ஓடை, ஒரு பெரிய நாக மரம், மாடுகளுக்குத் தண்ணி காட்டுகிற தட்டைக் கல், அதன் பக்கத்தில் கபுறு. அவ்வளவுதான் எங்கள் பரம்பரை.

"அப்ப நல்லதாப் போச்சி," என்றார் ஹாஜியார். "வார வெள்ளிக்கிழம வாறோம். படத்தக் காட்டுங்க, பேச்ச முடிப்பம். காட்ட ஏலாட்டி மனசுல ஒண்டும் வெச்சிக்கிற வேணாம், பிள்ளைக்கு வேற இடம் பாருங்க. எங்கட வாப்பா உக்குவளை மையவாடியில அடங்கியிருக்காரு. ரெண்டு மீசானும் சும்மா சிங்கம் மாதிரி நிக்கிது. அதையும் ஒரு படம் எடுங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாப்பம்."

வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் கபுறில் நடுகிற எங்கள் மீசான் கல்லில் எழுத்துக் கிடையாது. பெயர் இல்லை, தேதி இல்லை, ஒன்றுமில்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். பெண்ணாக இருந்தால் நடுவில் இன்னொன்று வைப்பார்கள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று, அதற்கு மேல் கல் பேசாது. எழுதப் படிக்கத் தெரியாத நானும் படித்த ஹாஜியாரும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒன்றுதான். அதிலும் நான் ஒரு கல்லையும் கண்டதில்லை. எங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. புருஷனை, பிள்ளையை, பெற்ற தாயை வாசலோடு அனுப்பிவிட்டு உள்ளே திரும்புகிறவர்கள் நாங்கள்.

அவர்கள் போன பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன வேல செஞ்ச நீ? எந்தப் படத்தக் காட்டப் போற? கொரங்குட படத்தயா?"

"வெள்ளிக்கி இன்னம் நாள் ஈக்கிது ராத்தா. கபுறு ஈக்கிதுதானே. அது எங்கயும் ஓடிப் போகுமா?"

புதுப் பிலிம் ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் முகத்தில் சந்தோஷம். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு உண்மையாகப் படம் எடுக்கப் போகிறான்.

முதலில் உக்குவளை மையவாடிக்குப் போனான். அங்கே ஆண்களின் கபுறெல்லாம் இரண்டு இரண்டு கல்லாக நிற்கிறது. சிங்கம் மாதிரி நிற்பது எது? யாரிடமும் கேட்க வெட்கம். ஆகவே கொஞ்சம் மிடுக்காக நின்றதையெல்லாம் எடுத்துவிட்டான். கபுறாளிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் குந்தியிருந்து கமராவைக் கண்ணில் வைத்தால், பழக்கதோஷம், வாய் தானாக "ஸ்மைல் ப்ளீஸ்" என்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் "ஸ்மைல் ப்ளீஸ்", உடனே மன்னிப்புக் கேட்டு "அஸ்தஃபிருல்லாஹ்", பிறகு அடுத்த கல். வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஒருவர், பாவம், வருமானம் இல்லாமல் இவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று எங்கள் தெருவரைக்கும் செய்தி கொண்டுவந்து சேர்த்தார்.

மறுநாள் இரத்தோட்டைக்குப் பஸ் ஏறினான். அங்கிருந்து தோட்டத்து வழியாக மேலே நடந்தான். ஓடை, நாக மரம், தட்டைக் கல் என்று கேட்டுக் கேட்டுப் போனவனைத் தோட்டத்து வாச்சர் நாகமுத்து பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கல்லுங்களயா தேடுறீங்க? வாங்க காட்டுறேன். எங்க லயத்துப் பொம்பளைங்க அங்க வெளக்கு வைக்கிறாங்க."

"வெளக்கா? என்னத்துக்கு?"

"புள்ளத்தாச்சிங்க வைப்பாங்க. நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு. அந்த மேட்டு லயத்து சவரியம்மா மெழுகுதிரி கொண்டாந்து வைக்கும். மத்தவங்க எண்ண வெளக்கு."

"அது எங்கட மூத்தாப்பாட கபுறு!"

"அப்படீங்களா? வேணாமுன்னா நிப்பாட்டச் சொல்றேங்க. ஆனா எங்க தாத்தா காலத்துலருந்து வைக்கிறாங்க. ஒங்க மூத்தாப்பா இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலீங்களே."

நாக மரம் இருந்தது, ஓடை இருந்தது, தட்டைக் கல் இருந்தது. மாணாப் புல்லுக்குள் ஒரு கல் நிமிர்ந்தும் எட்டத்தில் ஒரு கல் சரிந்தும் நின்றன. நடுவில் எல்லாம் பன்னச் செடியும் பாசியும். முத்தலிபுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்று அழத்தான் நினைத்தானாம், ஆனால் கால் இரண்டிலும் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாகப் படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். நாகமுத்து பின்னாலிருந்து, "கொஞ்சம் புல்ல வெட்டிட்டு எடுங்களேன்" என்று சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது வழியில் பொலிஸ் சோதனைச் சாவடி. எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். தம்பியின் பையில் கமரா. அந்த நாட்களில் கமராவோடு மலையிலிருந்து இறங்குகிற தமிழ் பேசுகிற ஆள் என்றால் சும்மாவா? அது கமராதானா, வேறு ஏதாவதா என்று சார்ஜனுக்குச் சந்தேகம். தொடக்கூடப் பயம்.

"நீயே அமத்து. எங்க பக்கம் திருப்பாதே. அந்தா, அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் இருந்தவை கொன்ஸ்தாபல்மார் குந்தியிருக்கிற இரண்டு கல். குந்தியிருந்தவர்கள் எழும்பி ஓடினார்கள், ஒருவர் ஒற்றைச் சப்பாத்தோடு. தம்பி அமத்தினான். கமரா "க்ளிக்" என்றது. ஒன்றும் வெடிக்கவில்லை.

"இவ்வளவு நேரம் எதைப் படம் எடுத்தாய்?"

"கல்லை மாத்தயா."

"என்ன கல்லு?"

"சும்மா கல்லு மாத்தயா. ரெண்டு ரெண்டு கல்லு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மையவாடி என்று சிங்களத்தில் சொல்லப் போய், ஊரெல்லாம் பிணம் விழுகிற காலத்தில் புதைகுழியைப் படம் எடுக்கிறவன் என்று ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டான். பயந்தவன் பேச்சு எப்போதும் கெட்டுத்தான் போகும். அவனை அங்கேயே இருத்திவிட்டு, பிலிம் ரோலைக் கழுவுவதற்கு டவுனுக்கு அனுப்பினார்கள்.

அன்று அவன் வீட்டுக்கு வரவில்லை. நானும் ஸரீனாவும் பட்ட பாட்டைச் சொல்லப் போனால் இது வேறு கதையாகிவிடும். அந்தக் காலத்தில் ஓர் ஆண் வீட்டுக்கு வராமல் போனால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் படங்கள் வந்தன. சார்ஜன் மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். பாவம், அவரும் நித்திரை கொள்ளவில்லை போல.

"இங்கே பார். ரெண்டு கல்லு. இது ரெண்டு கல்லு. இதுவும் ரெண்டு. கண்டவன் சும்மா கல்லு என்று நினைப்பான். நான் நினைக்க மாட்டேன். இது அடையாளம். எந்த வழியால் வருவது, எந்த வழியால் போவது என்று ஒருவனுக்கு ஒருவன் வைக்கிற அடையாளம். சரிதானே?"

"இல்ல மாத்தயா."

"அப்போ இது மட்டும் ஏன் மூணு?"

"எது மாத்தயா?"

"இது. மரத்துக்குக் கீழே. மூணாவது யாரு? சொல்லு, மூணாவது ஆள் யாரு?"

தம்பி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். கண்ணுக்குப் பச்சைக்குள் பச்சையாக மறைந்து கிடந்தது கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சென்று வந்திருந்தது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, நடுவில், பன்னத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு, இன்னொன்று.

"யா அல்லாஹ்!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். "எங்கட மூத்தாப்பா பொம்புள!"

அழ ஆரம்பித்துவிட்டான். சார்ஜனுக்கு ஒரே சந்தோஷம். குற்றவாளி உடைந்துவிட்டான் அல்லவா? எழுதிக்கொண்டிருந்த கொன்ஸ்தாபலைப் பார்த்து, "எழுது, எழுது" என்றார்.

"என்னவென்று எழுத சேர்?"

"அவன் சொன்னதை எழுது."

"மூத்தாப்பா பொம்பளை என்று சொல்கிறான் சேர்."

"அப்படியே எழுது."

பிறகு பள்ளிவாசலுக்கு ஆள் போய், எங்கள் லெப்பை வந்து, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு மூன்று என்று விளக்கிச் சொன்னார். சார்ஜன் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ இவன் ஏன் அழுகிறான்?" என்றார். லெப்பைக்கு அது தெரியவில்லை. தம்பி விக்கி விக்கி மகளுடைய கலியாணக் கதையைச் சொன்னான். சார்ஜனுக்கும் மகள் இருக்கிறாளாம். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, படத்தையெல்லாம் ஒரு கவருக்குள் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினார். அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படித் திரும்பி வரக் கிடைக்கவில்லை. அதை நினைத்து நான் வாசலிலேயே இரண்டு ரக்அத் தொழாத குறை.

அவனோ வந்ததும் வராததுமாகக் கத்தரிக்கோலைக் கேட்டான்.

"என்னத்துக்கு?"

"நடுவுல ஈக்கிற கல்ல மட்டும் வெட்டி எடுத்துட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டிரலாம் ராத்தா. யாருக்கும் விளங்காது."

"ஒனக்கு வெக்கமா இல்லயா? மௌத்தான பொம்புளட கல்லப் புடுங்கப் பாக்குறியே!"

"கல்லப் புடுங்கல்ல ராத்தா, படத்தத்தானே! நாளைக்கி வெள்ளிக்கிழம! மூத்தாப்பாவக் காட்டுறேன் எண்டு பொம்புளயக் காட்ட ஏலுமா? ஸரீனாட வாழ்க்க ராத்தா!"

அவன் கத்தரிக்கோலை எடுக்க உள்ளே போனான். நான் கவரை நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். வந்து பார்த்தான். கெஞ்சினான். ஏசினான். நான் எழும்பவில்லை. ஸரீனா சோற்றைக் கொண்டுவந்து தந்தாள், அங்கேயே இருந்து சாப்பிட்டேன். தொழுகைக்கு எழும்பும்போது கவரை இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்குக் காரணம் ஒன்றும் அப்போது தெளிவாகத் தெரியாது. நான் என் வாழ்நாளில் கண்ட முதல் கபுறு அது. படத்தில்தான், ஆனாலும் கண்டேன். அதை ஒருவனும் வெட்ட விடுவதில்லை என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஸரீனாவிடம் மட்டும் கேட்டேன்.

"மகள், ஒனக்குச் சாலிஹ் வேணுமெண்டா நான் எழும்புறேன். வெட்டட்டும்."

அவள் யோசித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எழும்ப வேணாம் மாமி," என்றாள். "பொய்யச் சென்னா பொறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கல்ல மறச்சிட்டுத்தானே ஈக்கணும். எனக்கு ஏலா."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியாரும் கைறுன்னிஸாவும் வந்தார்கள். சாலிஹ் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான், உள்ளே வரலாமா போகலாமா என்று தெரியாதவனைப் போல.

"எங்க படம்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் சற்றே எழும்பிக் கவரை எடுத்து ஹாஜியாரிடம் நீட்டினேன். சூடாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. படங்களை மேசையில் பரப்பினார். பொலிஸில் கலைத்துவிட்டதால் எது எதுவென்று தம்பிக்கே தெரியாது. ஹாஜியார் மட்டும் ஒரு படத்தை உடனே எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இந்தா! எங்கட வாப்பா! எனக்குத் தெரியாதா? பாருங்க, என்ன கம்பீரம்!"

கைறுன்னிஸா எட்டிப் பார்த்தாள். "அதுக்குப் பக்கத்துல ஒரு சப்பாத்து ஈக்கிதே?"

"யாராவது துஆக் கேக்க வந்த ஆள் கழட்டி வெச்சீப்பான்."

"ஒரு சப்பாத்துத்தான் ஈக்கிது."

"மத்தது படத்துக்கு வெளிய ஈக்கும்! ஒனக்கு எல்லாத்துக்கும் கேள்வி!"

தம்பி தொண்டையைக் கனைத்தான். "ஹாஜியார்... அது வந்து... பொலிசுக்காரங்க குந்துற கல்லு."

திரைக்குப் பின்னால் ஸரீனா வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஹாஜியார் படத்தை மெல்லக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நெற்றியில் வேர்வை. ஒவ்வொன்றும் இரண்டு கல், ஒவ்வொன்றும் சிங்கம், ஒவ்வொன்றும் யாரோ.

"அப்ப எங்கட வாப்பா எது?" என்றார். குரல் மாறிவிட்டது. "நான் சின்னப் புள்ள. நல்ல மழ. கொடைக்குள்ளால பாத்தது. பெரிய கல்லு எண்டுதான் ஞாபகம் ஈக்கிது. அதுக்குப் பொறகு ஒவ்வொரு பெருநாளும் போய் ஸலாம் சென்ன கல்லு... அதுவும் சரியானதுதானா தெரியாதே."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. பொதிமாட்டிலிருந்து அப்போதுதான் அவர் கீழே இறங்கினார். ஆனால் இறங்கின மனிதருக்கு இன்னும் கோபம் வருமல்லவா?

"சரி, எங்கட வாப்பாவ விடுங்க. ஓங்கட மூத்தாப்பா எது?"

நான் படத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மூணு."

"மூணுதான்," என்றேன். "மூத்தாப்பா இல்ல. எங்கட ஆக்களும் தவறாத்தான் நெனைச்சிட்டு இருந்தாங்க. அது பொம்புள. அவர்ட பொஞ்சாதியா ஈக்கும். தவளத்தோட போகக்குள்ள வழியில மௌத்தாகினீப்பா."

"அப்ப ஆம்புள எங்க? பரம்பரை எண்டா ஆம்புளயக் காட்டணும்!"

"ஹாஜியார், அந்தப் பொம்புள இல்லாம ஆம்புள தனியா நிண்டு எங்களப் பெத்தாரா? மாட்டுக்கிட்டயா பெத்தாரு?"

தம்பி, "ராத்தா!" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஹாஜியார் எழும்பிவிட்டார். "சாலிஹ், வா போவம்" என்றார். சாலிஹ் அசையவில்லை. திரைக்குப் பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் பிடிவாதத்தால் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று திரைப் பக்கம் பார்த்தேன்.

இந்தச் சண்டைக்கு முகம் கொடுக்காமல் இருந்த கைறுன்னிஸா அந்தப் படத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் இருங்க," என்றாள் புருஷனிடம். "இவ்வளவு படத்துலயும் ஆளத் தெரியிறது இது ஒண்டுதான். மத்ததெல்லாம் எவனோ ஒருத்தன், பொலிசுக் கல்லும் சேத்து. இது மட்டும் ஒரு பொம்புள எண்டு தெளிவாத் தெரியிது. வழியில மௌத்தாகி, மலையில அடங்கினவ. கப்பல்ல வந்தவ மலைக்கி மேல எப்பிடிப் போவா?"

ஹாஜியார் மறுபடியும் நாற்காலியில் குந்தினார்.

"எங்கட உம்மாட கபுற நான் கண்டதில்ல," என்றாள் கைறுன்னிஸா. "ஓங்கட உம்மாட கபுறயும் காட்டினதில்ல. இந்தக் கல்ல எனக்குப் பாக்கணும். மூணு கல்லுண்டா அது எங்கட பக்கத்து ஆள்."

"பொம்புள மையவாடிக்குப் போறதா?"

"இது மையவாடியா? மல. மலைக்கிப் போகப்படாது எண்டு யாரு சென்ன?"



அடுத்த ஞாயிறு இரத்தோட்டை பஸ்ஸில் போனோம். நான், கைறுன்னிஸா, ஸரீனா, வழி காட்டத் தம்பி. ஹாஜியார் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். பஸ் புறப்படும்போது பார்த்தால் பின் சீட்டில் குடையோடு இருக்கிறார். நாகமுத்து முன்னால் கத்தியோடு போய்ப் புல்லை வெட்டி வைத்திருந்தார். மூன்று கல்லும் சுத்தமாகத் தெரிந்தன. பக்கத்தில் ஓர் எண்ணெய் விளக்கும் உருகிப்போன மெழுகுதிரி அடியும் கிடந்தன. பிள்ளைத்தாய்ச்சிகள் வைத்ததென்று நாகமுத்து சொன்னபோது கைறுன்னிஸா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் எதனால் வழியில் செத்திருப்பாள் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. லயத்துப் பெண்களுக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

கைறுன்னிஸா தலையை மூடிக்கொண்டு நடுக்கல்லுக்கு முன்னால் குந்தினாள். ஸலாம் சொன்னாள். பிறகு, எங்கள் வீட்டில் இருந்து பேசுவதைப் போல, சத்தமாகவே சொன்னாள்:

"உம்மா, நாங்க உக்குவளையிலருந்து வந்தீக்கிறோம். இந்த வீட்டுக்குப் பெரிய ஆள் நீங்கதானே. ஓங்கட பிள்ள ஸரீனாவ எங்கட மகன் சாலிஹுக்குக் கேக்குறோம். தாறீங்களா?"

ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் எல்லோரும், உண்மையாகச் சொல்கிறேன், பதிலுக்காக நின்றோம். ஹாஜியார் குடையை மடக்கிவிட்டுக் காதைக் கொடுத்து நின்றார். நாகமுத்துவுக்குத்தான் பொறுமை இல்லை.

"என்னம்மா, சரின்னுட்டாங்களா?"

"நிக்காஹ்ல பொண்ணுட்டச் சம்மதம் கேட்டா, அவ பேசாம ஈந்தா அது போதும் எண்டுதானே எங்கட மார்க்கம்," என்றாள் கைறுன்னிஸா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி. "இவவும் பொம்புளதானே."

ஹாஜியார் மடக்கின குடையைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு என் தம்பியின் பக்கம் திரும்பி, முகத்தை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப முத்தலிப், கலியாணத்துக்கு நாள எப்ப வெப்பம்?"